மேற்படி ஊரில் பனி அள்ளியவர்

முனீஸ்வரிக்கு அந்தச் சிவப்பு மை வரி மனப்பாடம். "இது எஃப்.ஐ.ஆர். சமூகவியல் எங்கே?" போன வருஷம் பண்பாட்டுச் சமூகவியல் தாளுக்கு அவள் எழுதிக் கொடுத்த கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பேராசிரியர் பெலிக்ஸ் எழுதியது. பக்கத்திலேயே ஐம்பதுக்குப் பத்தொன்பது என்று போட்டு வட்டம். அதற்கு முந்தின வருஷம் பதினாலு. இருபத்தைந்து எடுத்தால் பாஸ்.

அவர் எழுதியதில் குற்றம் சொல்லவும் முடியாது. முனீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல்நிலைக் காவலர். பதினோரு வருஷமாக ஸ்டேஷனில் எழுதிப் பழகிய கை. திருவிழாவில் சமூகக் கட்டுப்பாடு பற்றி எழுதச் சொன்னால், "மேற்படி திருவிழாவானது மேற்படி தேதியில் காலை எட்டு மணியளவில் தொடங்கி, மேற்படி பொதுமக்கள் அமைதியான முறையில் கலைந்து சென்றனர்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். படித்தபோது பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா தெரியாது. சிவப்பு மை மட்டும் தாராளமாக வந்திருந்தது.

இந்த வருஷம்தான் கடைசி வாய்ப்பு. அஞ்சல்வழி எம்.ஏ.வுக்கு ஐந்து வருஷக் கெடு. மற்ற தாள் எல்லாம் முடித்துவிட்டாள், இது ஒன்றுதான் தொண்டையில் சிக்கிய முள். இதில் மூன்றாவது தடவையும் தவறினால் பதிவு காலாவதி, ஐந்து வருஷப் படிப்பும் குப்பைக்கு. ஸ்டேஷனில் கேட்பார்கள், "போலீஸ்காரிக்கு எதுக்கும்மா எம்.ஏ.? லத்தியில எழுதி ஒட்டப் போறியா?" அவள் பதில் சொல்ல மாட்டாள். பதில் இல்லாமல் இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா கருத்தையா போய்ச் சேர்ந்தார். மூன்றாம் மாதம் போலீஸ் செலக்‌ஷன் வந்தது. வன்னியம்பட்டி வீட்டில் கல்லூரிப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பியவள் அவள். பி.ஏ.வையும் தபாலில்தான் முடித்தாள். அந்தப் பையைத் தானே ஆணியிலிருந்து இறக்க வேண்டும் என்பது அவளுடைய வெறி. அதை ஸ்டேஷனில் உட்கார்ந்து யாருக்கு விளக்குவது?

ராஜபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. பெலிக்ஸ் அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், ஆனால் மார்க் விஷயத்தில் தொண்ணூறு வயசுக் கருமி. ஆனி மாத வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்று, அந்த மனிதர் ஒரு கிறிஸ்துமஸ் அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். படத்தின் பெயர் 'பனிமணி'. "பண்பாடு பற்றி நாம் படித்த கருத்துகளை இந்தப் படத்துக்குப் பொருத்திக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேச வேண்டும், ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். மார்க் அங்கேயே."

சனிக்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்து வந்து, மகள் சிவரஞ்சனியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டி.வி.யில் படத்தைப் போட்டாள். கதை எளிது. பனி மூடிய ஒரு மலையூர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு வெள்ளி மணி கட்ட வேண்டும். அது அந்த ஊர் வழக்கம். கடற்கரையிலிருந்து புதிதாகக் குடிவந்த லினா என்ற சிறுமி, மணிக்குப் பதிலாகத் தன் ஊர் வழக்கப்படி சிப்பிச் சரம் கட்டிவிடுகிறாள். ஊர் ஏசுகிறது, ஒதுக்குகிறது. பிறகு ஒரு பனிப்புயல். வழி தவறிய ஊர்த் தலைவர் அந்தச் சிப்பிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊர் வந்து சேர்கிறார். ஊர் மனம் திருந்துகிறது. கடைசியில் பெரிய விருந்து. "இங்கே யாரும் அந்நியர் இல்லை" என்று எல்லாரும் பாடுகிறார்கள். படம் முடிந்தது.

முனீஸ்வரி நோட்டை விரித்து எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்ததும் படித்துப் பார்த்தாள். "மேற்படி சிறுமி மேற்படி வாசலில்..." பேனாவை மூடி வைத்தாள். மூன்றாவது தடவையும் அதே சிவப்பு மை என்று அவளுக்கே தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலை பாண்டிதுரை போன் பண்ணினான். அவள் புருஷன். பட்டாளத்தில் ஹவில்தார், லடாக் பக்கம் இரண்டாவது வருஷம்.

"என்ன, படம் பாத்தியா?"

"பாத்தேன். ஒரே பனி. பஞ்சு பறக்க மாதிரி அழகாத்தான் இருக்கு."

பாண்டிதுரை சிரித்தான். "பஞ்சா? ஏட்டி, ராத்திரி பூரா கொட்டுச்சுன்னா காலையில கதவு தொறக்காது. பேல்ச்சாவ எடுத்து வாரி வழி பண்ணுன பொறவுதான் பல்லே தேய்க்கணும். டிசம்பர், ஜனவரி பூரா எனக்கு அதான் வேல. துப்பாக்கியவிட பேல்ச்சாவதான் நெறைய தூக்கியிருக்கேன்." பட்டாளத்தில் மண்வாரிக்குப் பேல்ச்சா என்று பேர்.

முனீஸ்வரி டி.வி. பக்கம் திரும்பினாள். "அப்பொ அந்த ஊர்ல பனிய யாரு வாருதாவ?"

"எந்த ஊர்ல?"

"படத்துல. ராத்திரி பனி கொட்டுது. காலையில பிள்ளைக தெருவுல ஓடியாடி வெளாடுது. தெரு தொடச்சு வச்ச மாதிரி கெடக்கு."

"அது படம்லா."

"படம்னா பனி தானா எந்திரிச்சுப் போயிருமா?" என்றாள் முனீஸ்வரி. போலீஸ்காரிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் புருஷன் சொல்லியும் போகாது.

போனை வைத்துவிட்டு டி.வி.யைப் போட்டாள். இந்தத் தடவை லினாவைப் பார்க்கவில்லை. லினாவின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பதினோராவது நிமிஷத்தில் ஆள் அகப்பட்டார். சாம்பல் நிறத் தொப்பி, கையில் மண்வாரி, தெருவோரம் குனிந்து பனி அள்ளிக்கொண்டு ஒருவர். கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிட்டது. நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், மறுபடி பார்த்தாள், நேரத்தைக் குறித்தாள்.

"அம்மா, படம் பாக்க விடுவியா, இல்ல கேஸ் எழுதப் போறியா?" என்றாள் சிவரஞ்சனி.

"கேஸ்தான் எழுதுறேன், சும்மா இரு."

அந்த வாரம் முழுக்க டூட்டி முடிந்து வந்து அதே வேலை. ஞாயிறு வரும்போது ஒன்பது இடத்தில் அவரைக் கண்டுபிடித்திருந்தாள். ஒன்பது இடத்திலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பேர் கிடையாது. கடைசி விருந்துக் காட்சியில் மேஜையைச் சுற்றி நாற்பத்து மூன்று தலை. விரல்விட்டு எண்ணினாள். அந்தத் தொப்பி அதில் இல்லை. அது எங்கே இருந்தது என்று கண்டதும் அந்த நிமிஷத்தை நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவளுக்கு முன்னால் கௌதம்ராஜ் பேசினான். ராஜபாளையத்துக்காரன், சென்னையில் படித்து வந்து இங்கே ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார். கலர் கலராக ஸ்லைடு போட்டான். மணி என்பது பொருள்சார் பண்பாடு, அதன் பின்னால் இருக்கிற நம்பிக்கை பொருள்சாராப் பண்பாடு, லினாவுக்கு நேர்ந்தது பண்பாட்டு அதிர்ச்சி, ஊருக்கு இருந்தது தன் வழக்கமே சரி என்கிற இனமையவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினான். எல்லாம் சரி. எல்லாரும் கை தட்டினார்கள். பெலிக்ஸ் முப்பத்தெட்டு போட்டார். அவர் கையில் அது பெரிய மார்க்.

முனீஸ்வரியிடம் ஸ்லைடு இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றுதான். எழுந்து போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "சம்பவ இடம், மேற்படி மலையூர். சம்பவ நேரம், படத்தில் பதினோராவது நிமிஷம்."

வகுப்பு சிரித்தது. பெலிக்ஸ் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"சார், போன தடவ எஃப்.ஐ.ஆர்.னு எழுதினீங்க," என்றாள் முனீஸ்வரி. "எனக்கு அதுதான் எழுதத் தெரியும். இந்தத் தடவ சரியான கேஸ்ல எழுதியிருக்கேன்."

பிறகு பனி அள்ளுகிறவரைப் பற்றிச் சொன்னாள். ஒன்பது இடம், ஒன்பது நேரம். கடைசி விருந்தில், எழுபத்து நாலாவது நிமிஷம், எல்லாரும் பாடும்போது, இடது பக்க ஜன்னலுக்கு வெளியே அவர் நிற்கிறார்.

பெலிக்ஸ் நிமிர்ந்தார். "நான் இந்தப் படத்தை வருஷா வருஷம் வீட்டில் போட்டுப் பார்க்கிறவன், முனீஸ்வரி. அப்படி ஒரு ஆள் கிடையாது."

"போட்டுப் பாப்போம் சார்."

புரொஜெக்டரில் போட்டார்கள். எழுபத்து நாலாவது நிமிஷம். ஜன்னல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருட்டும் பனியும்தான் இருந்தது. ஆள் இல்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருபத்தைந்தும் போச்சு, எம்.ஏ.வும் போச்சு, ஆணியில் தொங்கிய பை தொங்கியபடியே கிடக்கட்டும் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது.

ஆனால் சாட்சி மாற்றிச் சொன்னால் பதறாமல் முதலிலிருந்து கேட்க வேண்டும் என்பது அவள் பழகிய வேலை. "சார், மொதல்லருந்து போடுங்க." போட்டார்கள். படம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பொம்மைக் கம்பெனி விளம்பரம் ஓடியது. "எங்க வீட்டுப் படத்துல இந்த விளம்பரம் இல்ல. நாப்பது செகண்ட் இருக்கு. நாப்பது செகண்ட் தள்ளிப் போடுங்க."

தள்ளிப் போட்டார்கள். மேஜை, மெழுகுவர்த்தி, பாட்டு. இடது பக்கம் ஜன்னல். கண்ணாடிக்கு வெளியே, தொப்பியில் ஒரு சாண் பனியோடு, மண்வாரியை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். மூன்று செகண்ட். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே "இங்கே யாரும் அந்நியர் இல்லை" என்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

கௌதம்ராஜ்தான் முதலில் பேசினான். "மேடம், அது பின்னணிக்கு வச்ச ஆள். இடத்தை நிரப்ப ஒரு பொம்மை. அதுக்குப் பேரே கிடையாது."

"மத்த படம்னா நீங்க சொல்லுறது சரி சார். தெருவுல படம் எடுக்கும்போது போறவாறவன் நடுவுல விழுந்திருவான். இது அனிமேஷன். தானா வந்து யாரும் நிக்க முடியாது. இந்த மூணு செகண்டுக்கு ஒருத்தர் நாள்கணக்குல உக்காந்து தொப்பி, பனி, மண்வாரின்னு வரைஞ்சிருக்காவ. கதை எழுதுனவிய மறந்துட்டாவ. வரைஞ்சவிய மறக்கல."

கௌதம்ராஜ் ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினான்.

பெலிக்ஸ் விடவில்லை. அதுதான் அவருடைய குணம். "நன்றாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆனால் இது துப்பறிதல். பழைய கேள்வியைத்தான் கேட்கிறேன். சமூகவியல் எங்கே?"

முனீஸ்வரி நோட்டைப் பார்த்தாள். நோட்டில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தில் தேடினால் அவளுக்குக் கிடைக்காது என்று தெரிந்தது. கால் வலிதான் ஞாபகத்துக்கு வந்தது.

"சார், நான் பதினோரு வருஷமா ஆடிப்பூரத் தேருக்குப் பந்தோபஸ்து. பதினோரு வருஷமும் தேரப் பாத்ததில்ல. நாங்க கூட்டத்தப் பாத்து நிக்கணும், தேருக்கு முதுகக் காட்டி. சாமி எந்த எடத்துல வருதுன்னு சனங்க மொகத்தப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்." ஒரு மூச்சு விட்டாள். "எங்க ஊர்ல சாமிக்கு முதுகு காட்டக்கூடாது. சின்னப் பிள்ளை காட்டுனாலும் திருப்பி நிறுத்தி ஏசுவாங்க. அது வழக்காறு, ஏச்சு அதுக்குத் தண்டனை. நான் பதினோரு வருஷமா அந்தத் தப்பப் பண்ணுறேன். ஒருத்தர்கூட என்னை ஏசினதில்ல."

நோட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"தப்புக்குத் தண்டனை இல்லைன்னா ரெண்டு காரணந்தான் சார். ஒண்ணு, தப்புப் பண்ணல. இன்னொண்ணு, அந்த எடத்துல நம்மள ஆளாவே நெனைக்கல. லினா மணி கட்டலைன்னு ஊரே ஏசுச்சு. ஏன் ஏசுச்சு? அவ நம்ம ஊர்ல குடியிருக்கா, நம்ம மாதிரி நடக்கணும்னு நெனச்சதால ஏசுச்சு. இருபத்தேழாவது நிமிஷம் பாருங்க, பனி அள்ளுறவரோட குடிசை வாசல் தெரியும். அங்கயும் மணி இல்ல. அவர ஒருத்தரும் ஏசல. ஏசுனாத்தான சார் பொறவு மன்னிச்சு உள்ள கூப்பிட முடியும்? லினாவுக்கு ஏச்சு இருந்துச்சு, அதனால விருந்தும் இருந்துச்சு. அவருக்கு ரெண்டும் இல்ல. பண்பாடுங்கறது எல்லாரும் பகிர்ந்துக்கிடுறதுன்னு புத்தகத்துல இருக்கு. அந்த எல்லாரும் யாருன்னு தெரியணும்னா, யார ஊரு ஏசுதுன்னு பாக்கணும். ஏச்சு வாங்காதவிய வெளிய நிக்காவ."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இது எப்போது தனக்குத் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெலிக்ஸ் எழுந்து வந்து, மாணவர்கள் உட்காரும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தன் நோட்டைத் திறந்தார். "அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்," என்றார்.

முனீஸ்வரி சொன்னாள். பேராசிரியர் எழுதினார். கௌதம்ராஜும் எழுதிக்கொண்டிருந்ததை அவள் கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் தொழில்.

அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெலிக்ஸ் சிவப்பு மையில் நாற்பத்தாறு என்று போட்டு வட்டமிட்டார். அதற்குக் கீழே எழுதினார். "இது எஃப்.ஐ.ஆர்.தான். சமூகவியலும் இதுதான்."

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே பாண்டிதுரைக்குப் போன் பண்ணினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் இரண்டு போய்விட்டது, அவள் ஏறவில்லை. "நாப்பத்தாறு," என்றாள். முப்பத்தொரு வயசுப் போலீஸ்காரி பஸ் ஸ்டாண்டில் நின்று அழுகிறாள் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அழுதது கிடையாது.

"எல்லாம் என் பேல்ச்சா போட்ட மார்க்கு," என்றான் பாண்டிதுரை.

அடுத்த வாரமே வன்னியம்பட்டிக்குப் போய்ப் பையை ஆணியிலிருந்து இறக்கினாள். ஜிப் துருப்பிடித்துத் திறக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆடிப்பூரம் வந்தது. ரத வீதி முனையில் பன்னிரண்டாவது வருஷமாக முனீஸ்வரி, கூட ஜூனியர் ஜெயசித்ரா. முதுகுக்குப் பின்னால் தேர். முன்னால் கயிறு கட்டிய தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் கடலாகச் சனம். முனையில் திருப்புவதற்காகத் தேரை நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். போன வருஷமாயிருந்தால் முனீஸ்வரி "பின்னால போம்மா" என்று சொல்லியிருப்பாள். இந்த வருஷம் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "எந்த ஊரு?"

"சுந்தரபாண்டியம்." அந்தப் பெண் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானும் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது முனீஸ்வரியை மேலும் கீழும் பார்த்தாள். முகம் மாறியது.

"ஏட்டி, ஆண்டாத் தாயி வருசத்துக்கு ஒரு நா தேர்ல வாரா. அவளுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கியே, நல்லாவா இருக்கு? உனக்கு ஆரும் சொல்லித் தரலையா? திரும்பிக் கும்புடு மொதல்ல."

ஜெயசித்ரா லத்தியோடு எகிறிக்கொண்டு வந்தாள். "யாரப் பாத்து ஏட்டின்னு கூப்பிடுத? டூட்டியில இருக்காவன்னு தெரியல?"

முனீஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏசட்டும், விடு," என்றாள். "அவிய என்னைய ஆள்னு நெனச்சுல்லா ஏசுறாவ. நீ செத்த நேரம் கூட்டத்தப் பாத்துக்க."

ஜெயசித்ரா கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டாள். முனீஸ்வரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தேரைப் பார்த்துத் திரும்பினாள்.